கூலிக்குப் பறத்தல்: விமானியின் ஊதியம் பற்றிய சட்டமும் அதன் சமூக அடித்தளமும்

கிழக்குக் கரையோரத்துக் கரைவலைத் தொழிலில், செலவு கழித்து எஞ்சும் மீனின் விலை சம்மாட்டிக்கும் தொழிலாளருக்கும் பங்காகப் பிரிவது நெடுநாள் வழக்கம். 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபின் அக்கரையிலுள்ள புல்மோட்டையில் மாதச் சம்பளம் என்ற வேறோர் உறவும் வேரூன்றியது. பங்கு வேறு, சம்பளம் வேறு. புல்மோட்டை மணலிலுள்ள இல்மனைற் தைத்தேனியத்தின் மூலக்கனியம். அவ்வுலோகம் விமான உறுப்புகளுக்கு உதவுவது. அவ்விமானத்தைச் செலுத்துபவரின் உழைப்பைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதை ஆராய்வதற்கும் இவ்வேறுபாடே தக்க திறவுகோலாகும்.

முதலாம் உலகப் போரின்பின், 1919ஆம் ஆண்டின் பாரிஸ் சமவாயம் விமானிகளுக்குத் தகுதிச் சான்றிதழை வேண்டியது. பிரித்தானியாவில் சொந்தத் தேவைக்குப் பறப்போருக்கு ‘ஏ’ அனுமதிப்பத்திரமும், கூலிக்குப் பறப்போருக்கு ‘பி’ அனுமதிப்பத்திரமும் வழங்கப்பட்டன. பொழுதுபோக்காகப் பறக்கும் செல்வந்தரும் பிழைப்புக்காகப் பறக்கும் தொழிலாளியும் இவ்வாறு சட்டத்தில் இரு பிரிவினராயினர். எயர் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது 1947 டிசம்பரிலாகும். மறு ஆண்டில் இலங்கை சிக்காகோ சமவாயத்தில் இணைந்தது; 1950இல் வான் செலவுச் சட்டம் இயற்றப்பட்டது; 2010இல் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது.

சிக்காகோ சமவாயத்தின் முதலாம் இணைப்பு வகுக்கும் நியதி தெளிவானது. தனியார் விமானி ஊதியம் பெறலாகாது. வர்த்தக விமானிக்கு வயது 18 நிரம்பவேண்டும். 200 மணித்தியாலப் பறப்பு அனுபவம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நெறியாயின் 150 போதும். பெரும் பயணிகள் விமானத்துக்குத் தலைமை தாங்கும் அனுமதிக்கு 21 வயதும் 1500 மணித்தியாலமும் தேவை. பயணியின் உயிரைக் காக்கும் இவ்வேற்பாடு நியாயமானதே.

எனினும் விடயம் இத்துடன் முடிவதில்லை. வர்த்தக விமானி தாமே ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்துப் பொதுமக்களிடம் கட்டணம் வாங்கி ஏற்றிச்செல்ல முடியாது. அதற்கு விமானச் சேவை நடத்துவோர் பெறும் வேறொரு சான்றிதழ் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இது நுணுக்கமாக விளக்கப்பட்டுள்ளது: சேவைக்குத் தயாரெனப் பொதுமக்களுக்கு அறிவித்து, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு, ஆட்களையோ பொருட்களையோ, கூலிக்கு ஏற்றிச்சென்றால் அது பொதுப் போக்குவரத்தாகும். தனியார் விமானி உடன் வருவோருடன் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகிய செலவுகளைச் சமமாகப் பகிரலாம். பொதுவாக அதற்குமேல் எதுவும் பெறலாகாது. முதலாவது அனுமதி உழைப்புச் சக்தியை விற்பதற்கு. இரண்டாவது அவ்வுழைப்பை வாங்கித் தொழில் நடத்துவதற்கு. எவ்வளவு திறமை பெற்றிருப்பினும் விமானி கூலியுழைப்பாளராகவே நிற்கின்றார். பாதுகாப்பின் பெயரால் எழுந்த விதிக்குள் ஓர் உற்பத்தி உறவும் பதிந்திருக்கின்றது.

அரசே முதலாளியாகும்போதும் இவ்வுறவு மறைவதில்லை. 1972இல் இலங்கை விமானப்படை உல்லாசப் பயணிகளுக்காக ஹெலிரூர்ஸ் சேவையைத் தொடங்கியது. போர்க்காலத்தில் நின்றிருந்த அச்சேவை 2009இன்பின் மீண்டும் எழுந்து, திருகோணமலைச் சீனன்குடாவுக்கும் பறந்தது. பயணி செலுத்தியது கட்டணம். விமானி பெற்றதோ படைச் சம்பளம்.

முரண்பாடு மேலும் கூர்மையடையும் இடம் ஒன்றுண்டு. பிறர் செலவில் சேரும் பறப்பு மணித்தியாலத்தையும் அமெரிக்க விதி ‘ஊதியம்’ எனக் கொள்கின்றது; ஏனெனில் அது விமானிக்குச் சந்தைப் பெறுமதியுடையது. இதே தருக்கத்தைச் சந்தை தலைகீழாக்கியுள்ளது. ஐரோப்பாவில் இளம் விமானிகள் சிலர் அனுபவ மணித்தியாலங்களுக்காக விமானக் கம்பனிக்குத் தாமே பணம் செலுத்தி, கட்டணப் பயணிகளை ஏற்றிய விமானத்தைச் செலுத்த நேர்ந்துள்ளது. உழைப்பவரே வேலைக்கு விலை கொடுக்கும் நிலை இது.

தகுதியற்றவர் கூலி பெறுவதைச் சட்டம் தடுக்கின்றது. தகுதியுற்றவர் கூலியின்றிச் சுரண்டப்படுவதை அத்தகுதி விதி தடுப்பதில்லை. பயிற்சிச் செலவைச் சுமக்க இயலாத மீனவர், மணற் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு வானத்தின் கதவு இதனாலேயே இருமுறை மூடப்படுகின்றது: பயிற்சியின் தொடக்கத்தில் ஒருமுறை, பயிற்சி முடிந்தபின், வேலைக்கு விலை கேட்கும் வாசலில் மற்றொருமுறை. ‘எவர் ஊதியம் பெறலாம்’ என்று வகுத்த சட்டம் ‘எவருக்கு ஊதியம் வழங்கியே ஆகவேண்டும்’ என்பதையும் வகுக்கவேண்டும். அதனைச் சட்டமாக்குவது விமானிகளின் தொழிற்சங்க இயக்கம் எதிர்நோக்கும் வரலாற்றுக் கடமையாகும்.