கோவலனின் தாய்: புதுமண மகனுக்குச் சொல்லப்படாத அறிவுரை

தமிழ் இலக்கியத்தில் திருமண வாழ்த்துகளுக்குக் குறைவில்லை. ஆனால் மணம் முடித்த மகனிடம் அவன் தாய் பேசும் இடம் மிக அரிது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் நல்லாவூர் கிழார் காட்டும் மணவிழாவில், புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். கற்பில் வழுவாது, கணவன் விரும்பும் துணையாக விளங்குமாறு அறிவுறுத்தப்படுபவளும் அவளே. மணமகனுக்கு அவர்களிடம் ஒரு சொல்லும் இல்லை.

இது தற்செயலன்று. நல்லவை உரைத்து அல்லவை கடியும் உரிமையைத் தொல்காப்பியக் கற்பியல் செவிலிக்கும் அறிவர்க்கும் அளிக்கிறது. தலைவனையும் இடித்துரைக்கும் தகுதி அறிவரைச் சார்ந்தது. தலைவனின் தாய் இவ்வரிசையில் இல்லை. புறநானூறு 312இல் பொன்முடியார் வகுக்கும் கடமைப் பகுப்பும் இதனையொட்டியே அமைகிறது. பெற்றுப் புறந்தருதல் தாயின் கடன். சான்றோனாக்குதல் தந்தையின் கடன். நன்னடை நல்குதல் வேந்தனின் கடன். இங்குத் ‘தண்ணடை’ என்றும் பாடம் உண்டு. எப்பாடத்தைக் கொண்டாலும், மகனின் ஒழுக்கம் தாயின் பேச்சுக்குரிய பொருளாகவில்லை.

இப்பின்னணியில் சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதை கூர்ந்து நோக்கத்தக்கது. 16 வயதுக் கோவலனையும் 12 வயதுக் கண்ணகியையும் தனி மனையில் குடியமர்த்துபவள் கோவலனின் தாய். மாசாத்துவானின் பெயரைச் சொல்லும் காப்பியம் அவள் பெயரைச் சொல்வதில்லை. அறம் செய்தும் விருந்து பேணியும் இருவரும் சிறந்து வாழ்வதைக் காண வேண்டும் என்பதே அவள் விருப்பம். செல்வமும் ஏவலரும் தந்தாள். மகனுக்கு அவள் கூறிய அறிவுரை எதுவும் காப்பியத்தில் இல்லை.

அவன் மாதவியை நாடிச் சென்ற பின் அவள் பேசினாள். மகனிடம் அன்று, மருமகளிடம். மாமனும் மாமியும் வந்து அன்புமொழி கூறிப் பாராட்டியதையும், தான் துயரை மறைத்துக் காட்டிய பொய்ம்முறுவலால் அவர்கள் உள்ளம் வருந்தியதையும் கொலைக்களக் காதையில் கண்ணகியே கோவலனிடம் கூறுகிறாள். தாயின் மனவருத்தம் மகனின் செவிக்கு மனைவியின் வாய்வழியே எட்டுகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அவன் கொலையுண்ட செய்தி கேட்டுத் தாய் உயிர் துறந்ததை நீர்ப்படைக் காதை தெரிவிக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் சுயமரியாதைத் திருமணம் இவ்வழக்கை ஓரளவு மாற்றியது. மணமக்கள் இருவரும் மேடையில் அருகருகே அமர்ந்து வாழ்த்துரை கேட்டனர். மணமகனும் அறிவுரைக்கு உரியவனானான். இத்திருமணங்களுக்கு 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சட்டத் தகுதி அளித்தது. எனினும் மேடையில் பேசியோர் பெரும்பாலும் இயக்கத் தலைவர்களே. அறிவரின் பழைய இடத்தை அவர்கள் நிரப்பினர். மணமகனின் தாய் அவையோருள் ஒருத்தியாகவே இருந்தாள்.

தனிமனை அமைத்தல் இன்று புலம்பெயர் நகரங்களில் வேறு வடிவில் தொடர்கிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வேரூன்றிய மும்பைத் தமிழ்க் குடும்பங்களில், இடநெருக்கடியும் வாடகையும் இளைய தலைமுறையைப் புறநகர்களுக்கு நகர்த்துகின்றன. 1854இல் இருப்புப்பாதை எட்டிய கல்யாண் அவற்றுள் ஒன்று. அங்குப் புதுக்குடித்தனம் தொடங்கும் மகனுக்குத் தாய் பாத்திரமும் பொருளும் தந்தனுப்புகிறாள். கணவனும் மனைவியும் மின்தொடர்வண்டியில் வேலைக்குச் சென்று திரும்பும் அவ்வீட்டில், அடுப்பும் விருந்தும் இருவர்க்கும் பொது என்று மகனிடம் சொல்லும் உரிமை வேறெவரையும்விட அவளுக்கே உண்டு. புகாரில் மனை தந்த தாய்க்குக் காப்பியம் அளிக்காத சொல் அது.