பால்டெக் ஏரியின் பொஸ்பரஸ் எங்கிருந்து வந்தது?

சுவிற்சர்லாந்தில் லுசேர்ன் நகருக்கு வடக்கே உள்ள சிறிய நன்னீர் ஏரி பால்டெகர்சே. பரப்பு ஏறத்தாழ 5 சதுர கிலோமீற்றர், ஆழம் 66 மீற்றர். கரையில் கட்டடங்கள் எழும்பாமல் காப்பதற்காக, இன்று புரோ நத்தூரா என்று அழைக்கப்படும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1940இல் இந்த ஏரியை விலைக்கு வாங்கியது. கரை தப்பியது. தண்ணீர் தப்பவில்லை. 1970களில் ஒரு லீற்றர் ஏரிநீரில் 500 மைக்ரோகிராமுக்கு மேல் பொஸ்பரஸ் இருந்தது. 30க்குக் கீழே இருப்பதே இலக்கு.

பொஸ்பரஸ் நஞ்சல்ல, பயிருக்குப் போடும் பசளைதான். ஏரியில் அதை உண்டு கொழுப்பது பாசி. பாசி செத்து அடியில் படிந்து அழுகும்போது ஆழத்து ஒட்சிசன் தீர்ந்துவிடும். அங்கே கிடக்கும் மீன் முட்டைகள் மூச்சடைத்துச் சாகும். இன்னொரு கெடுதலும் உண்டு: ஒட்சிசன் இல்லாத சேறு, தான் பிடித்து வைத்திருந்த பொஸ்பரஸைத் திரும்பவும் நீருக்குள் விடும்.

முதலில் குற்றவாளிகளாகப் பிடிபட்டவை வீட்டுக் கழிவுநீரும் சலவைத்தூளும். சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. சலவைத்தூளில் பொஸ்பேற் சேர்ப்பதை 1986இல் சுவிற்சர்லாந்து தடைசெய்தது. அந்தப் பக்கம் ஓரளவு அடைபட்டது.

மிச்சம் பண்ணைகள். லுசேர்ன் மாநிலத்தில் ஆட்களின் தொகைக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பன்றிகள் உண்டு, மாடுகள் வேறு. இவற்றுக்கான தீனியில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருகிறது. தானியத்தில் உள்ள பொஸ்பரஸின் பெரும்பகுதியைப் பன்றியால் சமிக்க முடியாது, அது அப்படியே கழிவாக வெளியேறும். சாணமும் சலமும் கலந்த அந்தக் கரைசலை (இங்கே 'கியுல்லே' என்பார்கள், வசந்த காலத்தில் மூக்கைப் பொத்த வைப்பது அதுதான்) புல்வெளிகளில் விசிறுகிறார்கள். தீனி எங்கோ விளைகிறது, அதன் பொஸ்பரஸ் இந்த ஏரியைச் சுற்றியுள்ள மண்ணில் தங்குகிறது.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிய கதை நம்மவருக்குத் தெரியும். நைத்திரேற்று தண்ணீரோடு விரைவாக இறங்கிவிடும். பொஸ்பரஸ் அப்படியல்ல, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பல பத்தாண்டுகள் சேர்ந்த இருப்பை மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி, வயலுக்கு அடியிலுள்ள வடிகால் குழாய்கள் வழியாக ஓடைக்குக் கொண்டுவருகிறது. இன்றைக்குப் பசளையை நிறுத்தினாலும் நாளைக்கு அது நிற்காது. 1990களின் கடைசியிலிருந்து, பசளையைக் குறைக்கவும் ஓடையோரத்தில் பசளை போடாத புல்வரம்பு விடவும் விவசாயிகளுக்கு அரசு பணம் கொடுத்து வருகிறது. என் கணிப்பில், விலங்குகளின் தொகையைக் குறைக்காமல் இது பாதி வேலைதான்.

ஏரிக்குச் செயற்கைச் சுவாசமும் கொடுக்க வேண்டியிருந்தது. 1982இலிருந்து குழாய் வழியாக அடிநீருக்கு ஒட்சிசன் செலுத்தினார்கள். அயலிலுள்ள செம்பாக் ஏரிக்கு அந்த உதவி வருமுன்பே, 1984 ஓகஸ்டில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன.

பால்டெக் நீர் வடிந்து போய்ச் சேர்வது ஹல்வில் ஏரிக்கு. அங்கே குளிர்காலத்தில் சில வேளை நீர் செந்நிறமாகும். அது 'பர்கண்டி இரத்தப் பாசி', நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப் பாசி வகை. அந்த நிறத்தைக் கண்டால் பிள்ளைகளையும் நாயையும் தண்ணீரில் இறக்க வேண்டாம்.