தண்டித்த நீதிமன்றத்தின் கருத்துரை எதற்குச் சான்று? முன்விடுதலைச் சட்டத்தில் ஒரு மறுவாசிப்பு

ஆயுள் தண்டனைக் கைதிகளின் முன்விடுதலை குறித்த ஆய்வுகளில் ஒரு கொள்கை நிலைபெற்றுவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 432(2) கோரும் கருத்துரை, அதாவது தண்டனை வழங்கிய நீதிமன்றத்தின் நீதிபதி தரும் கருத்துரை, அரசின் தன்னிச்சைக்கு எதிரான தலையாய அரண் என்பதே அது. 2015 டிசம்பரில் ஸ்ரீஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அக்கருத்துரையைப் பெறுவது கட்டாயம் என்றது. 2024 ஜனவரியில் பில்கிஸ் பானு வழக்கின் தீர்ப்பு வந்தபின் இக்கொள்கையைக் கேள்வி கேட்பாரே அரிதாகிவிட்டனர். கருத்துரையைப் பெறுவது கட்டாயம் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அது எதற்குச் சான்று என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. என் வாசிப்பில் அது நடந்துமுடிந்த குற்றத்துக்கு மட்டுமே சான்று. எதிரே நிற்கும் மனிதரைப் பற்றி அதனால் ஏதும் சொல்ல இயலாது.

உட்பிரிவின் அமைப்பையே பார்க்கலாம். விண்ணப்பத்தை ஏற்கலாமா மறுக்கலாமா என்று நீதிபதி காரணத்துடன் சொல்ல வேண்டும். அதோடு விசாரணை ஆவணங்களின் சான்றளிக்கப்பட்ட நகலையும், அல்லது அவற்றில் எஞ்சியிருப்பதையும், சேர்த்து அனுப்ப வேண்டும். சிறைப் பதிவேட்டைப் பற்றியோ, இடைப்பட்ட ஆண்டுகளில் கைதி நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ அவ்வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 401ஆம் பிரிவிலிருந்து இறங்கிவந்த இந்த ஏற்பாடு, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473ஆம் பிரிவிலும் தொடர்கிறது. சட்டம் நீதிபதியிடம் கேட்பது விசாரணைக் கட்டு அவருக்குக் காட்டும் அளவைத்தான். நடைமுறை இதைவிட மெலிந்தது. மரண தண்டனைக்குரிய குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் 433-ஏ பிரிவின்படி குறைந்தது 14 ஆண்டுகள் உள்ளே இருந்தாக வேண்டும். அதற்குள், சாட்சிகளை நேரில் கண்ட நீதிபதி பணி ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு நீதிமன்றத்துக்கு மாறியிருப்பார். அந்த இருக்கையில் இன்று இருப்பவர் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுகிறார். தண்டனையை அளக்கும்போது ஒருமுறை எடைபோடப்பட்ட கொடுமையை இரண்டாம் முறையும் எடைபோடுவதைத் தவிர அவர் கையில் வேறு ஒன்றும் இல்லை.

ராஜோ எதிர் பிகார் மாநிலம் வழக்கில் (2023) இது வெளிப்படையாகத் தெரிகிறது. 2001இல் தண்டிக்கப்பட்ட அந்தக் கைதி, தண்டனைக்கு முந்தைய காவலையும் சேர்த்து, 24 ஆண்டுகளாகச் சிறையில் இருந்தார். சிறை நிர்வாகமும் நன்னடத்தை அலுவலரும் அவருக்குச் சாதகமாக எழுதினர். நீதிபதியும் காவல் கண்காணிப்பாளரும் எதிராக எழுதினர். தண்டனைக் குறைப்பு வாரியம் பின்னவர்களைப் பின்பற்றி மறுத்தது. நீதிபதியின் பார்வை தண்டித்த காலத்து நிலையை மட்டுமே காட்டுகிறது, அதற்கு அளவுமீறிய எடை கொடுத்து மற்ற அறிக்கைகளைப் புறந்தள்ளிய முடிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் கூறி, மறுபரிசீலனைக்கு ஆணையிட்டது. இத்தீர்ப்பை முந்தைய ஆய்வுகள் ஒரு விதிவிலக்காகக் கருதி அடிக்குறிப்பில் தள்ளிவிட்டன. எனக்கு அது சட்ட வாசகத்தின் இயல்பான விளக்கமாகவே படுகிறது. லக்ஷ்மண் நஸ்கர் வழக்கு (2000) வகுத்த ஐந்து கேள்விகளுடன் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். குற்றம் சமூகத்தைப் பாதித்ததா, மீண்டும் நிகழுமா, கைதியிடம் குற்றம் செய்யும் ஆற்றல் இன்னும் இருக்கிறதா, மேலும் சிறையில் வைப்பதால் பயனுண்டா, குடும்பத்தின் பொருளாதார நிலை என்ன என்பவை அவை. முதல் கேள்விக்கு விசாரணைக் கட்டு விடை தரும். மற்ற நான்குக்கும் அதில் விடை இல்லை. 2022இல் ராம் சந்தர் வழக்கில், சத்தீஸ்கரின் சிறப்பு நீதிபதி இக்கேள்விகளைத் தொடாமல் பொதுப்படையாக எழுதிய மறுப்பை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐந்தையும் கருதிப் புதிதாக எழுதச் சொன்னது. அத்தீர்ப்பின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சான்றே கையில் இல்லாதவரிடம் காரணத்தை விரித்து எழுதச் சொன்னால் கருத்துரையின் நீளம் கூடும், அறிவு கூடாது.

அந்த நான்கு கேள்விகளுக்கான சான்று வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கைதிக்குச் சாதாரண விடுப்பும் அவசர விடுப்பும் உண்டு. தந்தையின் இறப்புக்கோ மகளின் திருமணத்துக்கோ ஒருவர் ஊருக்குப் போகிறார். வழிக்காவலுடன் போனாரா, வழிக்காவலின்றிப் போனாரா, குறித்த நாளில் சிறை வாயிலுக்குத் திரும்பினாரா என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறுகிறது. புழலிலும் வேலூரிலும் கோவையிலும் பாளையங்கோட்டையிலும் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் தண்டனைக் கைதிகள் வண்டிக்கு எரிபொருள் நிரப்பிப் பொதுமக்களிடம் பணம் வாங்குகிறார்கள். மதிலுக்கு வெளியே, சாலையோரத்தில், கையில் காசோடு நிற்க ஒருவரை அரசே நம்புகிறது. அவர் சமூகத்துக்கு ஆபத்தானவர் என்று அதே அரசின் கோப்பு, அந்த நம்பிக்கைக்கு முந்திய காலத்துக் காகிதத்தை வைத்து முடிவுசெய்வதை எப்படி நியாயப்படுத்துவது?

பில்கிஸ் பானு வழக்கு இவ்வாசிப்பை மறுக்கிறது என்பார்கள். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்ட 11 பேரின் முன்விடுதலை செல்லாமற்போனதற்கு முதற்காரணம், குஜராத் அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை, விசாரணை நடந்த மகாராஷ்டிரத்துக்கே உண்டு என்பது. விடுதலைக்கு வழிவிட்ட முந்தைய ஆணை உண்மைகளை மறைத்துப் பெறப்பட்டது என்பது அடுத்த காரணம். மும்பை சிறப்பு நீதிமன்றத்தின் எதிர்ப்பு புறக்கணிக்கப்பட்டதும் குறையே. ஆனால் அக்குறையை நீக்கினாலும் தீர்ப்பு மாறியிராது. மேலும், குற்றம் சமூகத்தைக் குலைத்தது என்று சொல்லும் இடத்தில் கருத்துரைக்கு முழு எடை கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம். பாதிக்கப்பட்டவர்களின் அச்சம் இதைவிடக் கனமான எதிர்ப்பு. இன்றைய நடைமுறை அதற்கும் இடம் தரவில்லை: பழைய கட்டைப் படிக்கும் நீதிபதி அவர்களைச் சந்திப்பதில்லை. அவர்களை நேரில் கண்டு எழுத வேண்டியவர் நன்னடத்தை அலுவலர்தான். சிறை அறிக்கைகள் விலைக்குக் கிடைக்கும் என்ற ஐயத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. திரும்பிவந்த தேதி புகழுரை அன்று, சரிபார்க்கக்கூடியது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டி நிகழும் மொத்த விடுதலைகளுக்கும் இவ்வாசிப்பு துணைபோகாது. அவற்றின் குறை, ஒவ்வொருவரின் சான்றையும் பார்க்காததே.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தண்டனைக் குறைப்புக் கொள்கை உள்ள மாநிலங்கள் தகுதி எய்திய கைதிகளின் வழக்கை விண்ணப்பத்துக்குக் காத்திராமல் பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. இனி அமர்வு நீதிமன்றங்களுக்குக் கருத்துரைக் கோரிக்கைகள் கூடுதலாக வரும். ஏற்கெனவே விசாரணைகள் தேங்கிக் கிடக்கும் அங்கே ஆயத்த வாக்கியங்களில் மறுப்பு எழுதப்படும் அபாயமும் கூடும். ஆகவே மாநில விதிகளில் இரண்டு திருத்தங்கள் உடனே தேவை. நீதிபதியிடம் குற்றத்தின் தன்மையையும் அது விளைத்த தீங்கையும் பற்றி மட்டும் கேட்க வேண்டும். விடுப்புப் பதிவேடும் வேலைப் பதிவேடும் நன்னடத்தை அலுவலரின் நேரடி விசாரணை அறிக்கையும் இல்லாத கோப்பை வாரியம் முடிவுக்கு எடுக்கக் கூடாது.