குறுக்குவெட்டிக் கோணங்கள்: கோலார் தங்கவயல்

இணைகோடுகள் இரண்டை மற்றொரு கோடு வெட்டினால் எட்டுக் கோணங்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒத்த கோணங்கள் சமம். ஒன்றுவிட்ட கோணங்களும் சமம். குறுக்குவெட்டியின் ஒரே பக்கத்து உட்கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. யூக்ளிட் தம் முதல் புத்தகத்தின் 27, 28ஆம் தேற்றங்களில் கோணங்களைக் கொண்டு கோடுகள் இணை என்று நிறுவினார். ஐந்தாம் எடுகோள் அவருக்கு அங்கே தேவைப்படவில்லை. இணைகோடுகளிலிருந்து கோணங்களுக்குத் திரும்பும் 29ஆம் தேற்றத்தில்தான் அதை முதன்முதலாகக் கையில் எடுத்தார். பள்ளிப் பாடங்கள் இந்த இரு திசைகளையும் ஒன்றாக்கிவிடுவது நட்டமே. ஏனெனில் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பயன்பட்டது 29ஆம் தேற்றம், அதுவும் அதன் முடிவு பொய்க்கும் இடத்தில்.

கோலார் தங்கவயலின் முதன்மைத் தங்கரேகையான சாம்பியன் ரேகை வடக்கு தெற்காக ஓடி, மேற்கே சாய்ந்து இறங்குகிறது. அதைத் தொடர்ந்து சென்ற சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போயிற்று. குறுக்குவெட்டுப் படத்தில் லெவல்கள் எனப்படும் கிடைமட்டச் சுரங்கத் தளங்கள் இணைகோடுகள், ரேகை குறுக்குவெட்டி. ரேகை நேராக இருந்தால் ஒவ்வொரு லெவலிலும் சாய்வு ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் மேற்பகுதியில் ஏறத்தாழ 55 பாகையாக இருந்த சாய்வு, ஆழத்தில் 80 பாகையைத் தாண்டிச் செங்குத்தை நெருங்குகிறது. லெவல்களுக்கிடையே 100 அடி என்று கொள்வோம். 55 பாகையில் ரேகை அடுத்த லெவலில் 70 அடி மேற்கே கிடைக்கும்; 80 பாகையில் 18 அடிக்குள். பழைய கோணத்தை நம்பித் தோண்டினால் 52 அடி வெறும் பாறை. வளைந்த ரேகைக்குத் தேற்றம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கோணங்கள் ஒவ்வாவிட்டால் ஒன்று லெவல்கள் இணையல்ல, அல்லது ரேகை நேரல்ல. மட்டக்கருவி முதலாவதை விலக்கிவிடுவதால் வளைவு ரேகையுடையதே என்று உறுதியாகிறது.

பூமி உருண்டை, ஆகவே செங்குத்துகள் இணையல்ல என்பது வலுவான மறுப்பு. ஆனால் மேற்பரப்பின் திசையைச் சுரங்கத்துக்குள் இறக்க 5 மீட்டர் இடைவெளியில் தொங்கவிடும் இரு தூக்குக்கம்பிகள் 3.2 கி.மீ. ஆழத்தில் 2.5 மில்லிமீட்டர் நெருங்கும். அவற்றின் உட்கோணக் கூட்டுத்தொகை 180 பாகைக்கு 0.16 விகலை குறையும். கம்பிகள் ஒன்றையொன்று நோக்கியே நெருங்குவதால் அவை காட்டும் திசை மாறாது. 1901இல் அமெரிக்காவின் டாமராக் சுரங்கத்தில் கம்பிகள் விலகிச் சென்றதற்குக்கூடக் காற்றோட்டமே காரணம், வடிவியல் அல்ல.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.