சீன முகம், தமிழ் வீட்டுப் பொண்ணு

மாசி மகத்துக்கு லூமுட்டிலிருந்து படகேறி பங்கோர் பத்ரகாளியம்மன் கோவிலுக்குப் போற கூட்டத்துல, சேலை கட்டி, மல்லிப்பூ வச்ச சில பாட்டிகளுக்குச் சீன முகம் இருக்கும். "சீனருங்ககூட நம்ம சாமியைக் கும்பிடுறாங்களே"ன்னு வெளியூர்க்காரங்க ஆச்சரியப்படுவாங்க. அப்படி வர்ற சீனர்களும் உண்டு. ஆனா இந்தப் பாட்டிகள்ல சிலர் தமிழ் வீட்டிலேயே வளர்ந்த பொண்ணுங்க.

ஜப்பான்காரன் காலத்துலயும் (1941–45) அதுக்கு அப்புறமும் வறுமையில வாடின சீனக் குடும்பங்கள் பல, பெண் குழந்தையைத் தத்து கொடுத்துட்டாங்க. ஜாதகம் சரியில்ல, புலி வருஷத்துல (1938, 1950) பிறந்தவ ஆகாதுங்கிற பயமும் உண்டு. வாங்கி வளர்த்ததுல தோட்டத்துல பால்மரம் வெட்டின நம்ம ஆளுங்களும் நிறைய. யோசிச்சுப் பாருங்க, அதே ஜப்பான்காரன் தோட்டத்து ஆம்பளைங்களைச் சயாம் ரயில் வேலைக்கு அள்ளிட்டுப் போயிருந்தான். கஞ்சிக்கே வழியில்லாத லயத்து வீடு இன்னொரு வாயையும் சேர்த்துக்கிச்சு! காது குத்தி, சடங்கு சுத்தி, சீர் செய்து கட்டிக் கொடுத்தாங்க.

சிக்கல் பத்திரத்துலதான். 1948 அவசரகாலத்துல 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமாச்சு. தத்தெடுப்புப் பதிவுச் சட்டமோ 1952-லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பல குழந்தைங்க வெறும் வாய்ச்சொல்லுல கைமாறினவங்க. சித்தியவான் சந்தையில 1903-ல குடியேறின ஹொக்சியூ மக்களோட வாரிசுங்க சீனத்துல பேசினா, இவங்களுக்குப் புரியாது. பதில் தமிழ்லதான் வரும்.

உங்க வீட்டுல இப்படி பாட்டியோ அத்தையோ இருந்தா, எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் கையால வாங்கினாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. விவரம் தெரிஞ்ச பெரியவங்க ஒவ்வொருத்தரா போய்க்கிட்டே இருக்காங்க.