பட்டா இல்லாத கடல்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றாலே போர்ட்டிக்சன்தான். விடுமுறைக்குப் போய்க் கால் நனைத்துத் திரும்பும் இடம். அந்தக் கடலையே மண் கொட்டி மூடி விற்கலாம் என்றால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் காலடி மண் கைமாறுவது தோட்டப்புறத்துக்குப் புதிதா என்ன?

1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, தலைமுறைகளாகப் பால்மரம் சீவியவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டித் தொழிலாளர்களே தோட்டம் வாங்கலாம் என்றார். பல தோட்டங்களுக்கு அந்த வாய்ப்பு எட்டவில்லை. நீலாய் போன்ற நகரங்கள் பின்னர் ரப்பர்க் காடுகளின் மேல்தான் எழுந்தன. உழைத்தவர் கையில் பட்டா இல்லை. அதனால் அவரை யாரும் கேட்கவும் இல்லை.

அதே நிலைதான் பினாங்குத் தென்கரை மீனவர்களுக்கும் வந்தது. கடலுக்கு யார் பட்டா கொடுப்பார்?

பாயான் லெப்பாசுக்குத் தெற்கே, சுமார் 4,500 ஏக்கரில் 3 தீவுகளைக் கடலைத் தூர்த்து உருவாக்குவது மாநில அரசின் திட்டம். அந்த நிலத்தை விற்றுப் போக்குவரத்துத் திட்டத்துக்குப் பணம் திரட்டுவது நோக்கம். தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் மீனவர்களுக்கோ அது இறாலும் மீனும் கிடைக்கும் இடம். கரையோரச் சேற்றில்தான் குஞ்சுகள் வளரும். தூர்த்தால் நீரோட்டம் மாறும், வண்டல் வேறிடத்தில் படியும். தஞ்சோங் தோக்கோங்கில் கடலைத் தூர்த்த பிறகு கர்னி கடற்கரை சேறாகிப் போனதைப் பினாங்கு மக்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

இந்த எதிர்ப்புக்கு வேர் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் சஹாபாட் அலாம் மலேசியாவையும் வழிநடத்தி, 1970களிலேயே கோலா ஜூரு மீனவர்களுக்காகத் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்தவர். பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கமோ 1990களிலிருந்து கண்டல் மரக்கன்றுகளை நட்டு வந்தது. 2004 சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில்தான். அந்தக் கன்றுகளின் அருமை அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இத்ரிஸ் 2019 மே மாதம் மறைந்தார். அடுத்த மாதமே தீவுத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது.

மீனவர்கள் கூச்சலோடு நிற்கவில்லை. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தந்த மேல்முறையீட்டு உரிமையைக் கையில் எடுத்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. பட்டா இல்லாதவர் சொல்லும் சபையில் ஏறியது! இதைத் தோட்டப்புறத்தார் கவனிக்க வேண்டும். துண்டாடல் காலத்தில் லயத்து மக்களுக்கு இப்படி ஒரு வாசல் இருக்கவில்லை.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. புதிய அறிக்கைக்கு 2023இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு மத்திய அரசு தலையிட்டு, 3 தீவுகள் 1 தீவாகச் சுருங்கின. சுமார் 2,300 ஏக்கர். செப்டம்பரில் மண் கொட்டும் வேலை ஆரம்பமானது. மற்ற 2 தீவுகளுக்குக் குறித்திருந்த இடம் கடலாகவே விடப்பட்டது.