திரையில் கண்ட ஊரும் திரைக்கு வராத ஊரும்

கதையிலே கேட்ட இடத்தைக் கண்ணாலே காண வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. இராமன் நடந்த வழி இது, பாண்டவர் ஒளிந்த குகை இது என்று காட்டி, அதைக்கொண்டே பிழைத்துவரும் ஊர்கள் நம் முன்னோர் பிறந்த நாட்டில் எத்தனையோ உண்டு. இன்று அந்த ஆசை சினிமாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. விடுமுறை வந்துவிட்டால் கோலசிலாங்கூரிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள நம் இளைஞர் தலைநகருக்குப் புறப்படுகின்றனர். இன்ன நடிகர் இன்ன படத்தில் நின்ற இடம் எது என்று விசாரித்து, அங்கே தாமும் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். இதனைக் குற்றம் என்று நாம் கூறவில்லை. ஊர் சுற்றுவதால் அறிவு வளரும். ஆயின், நின்று பார்த்த இடத்தின் வரலாற்றையும் கேட்டறிந்து வந்தார்களா என்பதே நம் கேள்வி.

தலைநகரை ஒட்டிய இத்தகைய இடங்களுள் முதலில் வைக்கத்தக்கது பத்துமலை. 1978இல் வெளிவந்த 'வருவான் வடிவேலன்' படமும், 2007இல் வெளிவந்த 'பில்லா' படமும் அம்மலையைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தன. முன்னதில் இல்லாத முருகன் சிலை பின்னதில் உண்டு, ஏனெனில் 42.7 மீட்டர் உயரமுள்ள அச்சிலை 2006இல்தான் திறக்கப்பட்டது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவனுக்கு, ஓரிடம் முப்பது ஆண்டுகளில் மாறிய வரலாறு தானே விளங்கும். 2016இல் வந்த 'கபாலி' மலேசியத் தமிழன் ஒருவனையே கதாநாயகனாக்கியது. 'இது நம் ஊர்' என்று கொட்டகையில் மகிழ்ந்தோர் பலர். ஆயினும் அப்படம் மலேசியாவில் மட்டுமின்றிச் சென்னையிலும் எடுக்கப்பட்டது. ஓரிடத்தில் கதவைத் திறந்தவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள அறையில் நுழைவது சினிமாவில் சாதாரணம். ஆகையால், படம் பிடித்த இடத்தைத் தேடிச் செல்வோர், அந்தப் படத்தை உண்டாக்கிய இடத்தையும் தேடுதல் வேண்டும்.

நிற்க. கோலாலம்பூருக்கு முன்னே இத்தீபகற்பத்தின் சினிமா நகரமாக விளங்கியது சிங்கப்பூர். ஷாங்காயிலிருந்து வந்த ரன்மி ஷா, ரன் ரன் ஷா என்னும் சகோதரர்கள் 1920களில் அங்கே படத்தொழிலில் இறங்கிக் கொட்டகைகளைப் பெருக்கினர். பின்னர், பாலஸ்தியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸ் என்னும் சிறு தெருவில் ஸ்டூடியோ அமைத்தனர். யுத்தத்தால் நின்ற வேலை 1947இல் மீண்டும் தொடங்கிற்று. 1967இல் கதவு மூடப்படும் வரை நூற்றுக்கு மேற்பட்ட மலாய்ப் படங்கள் அத்தெருவிலிருந்து புறப்பட்டன. முதல் சீனருடையது, இயக்கம் பெரும்பாலும் இந்தியருடையது, நடிப்பும் பாட்டும் மலாய்க்காரருடையது. மூவினமும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்த தொழிற்சாலை அது.

பி. ரம்லியின் பெயரை அறியாதார் இந்நாட்டில் இல்லை. அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சிந்தா' (1948) படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ். ரம்லியைக் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். 'இபு' (1953) எஸ். ராமநாதன் இயக்கியது. 'ஹாங் துவா' (1956) வங்காளத்து பணி மஜும்தார் இயக்கிய வண்ணப்படம். அது 1957இல் பெர்லின் திரைப்பட விழாவுக்குச் சென்றது. மலாய்க் கலைஞர் அக்காலத்தில் பங்சவான் நாடக மேடையில் தேர்ந்திருந்தனர். படக்கருவியின் முறையோ அவர்களுக்குப் புதிது. இந்தியாவின் ஸ்டூடியோக்கள் அதற்குள் அம்முறையில் பழகிவிட்டபடியால், முதலாளிகள் டைரக்டர்களை அங்கிருந்து வரவழைத்தனர். மலாய்ப் படங்களில் பாட்டும் குடும்பக் கண்ணீரும் நம் படங்களைப் போலவே அமைந்ததற்கு இஃது ஒரு காரணம்.

தமிழன் செய்தான் என்று மார்தட்டுவதற்காக இதை நாம் எழுதவில்லை. இந்தியக் கதைக்கு மலாய்ச் சட்டை தைத்து மாட்டினால் போதுமா, எங்கள் வாழ்வை நாங்களே சொல்லக்கூடாதா என்று மலாய்க் கலைஞர் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது. 1955இல் ரம்லி தாமே இயக்கிய முதற்படம் 'பெனாரெக் பெச்சா'. ஏழை ரிக்‌ஷாக்காரன் ஒருவனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையே நிகழும் கதை அது. தெருவில் மிதித்துப் பிழைப்பவனைத் திரையின் நடுவிலே நிறுத்தியது. தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும்போதுதான் ஒரு சமூகம் நிமிர்கிறது.

ஸ்டூடியோவும் ஒரு வேலைத்தலமே என்பதைப் பலரும் மறக்கின்றனர். நடிகர், தச்சர், தையற்காரர், விளக்குப் பிடிப்போர் யாவரும் அங்கே சம்பளத்துக்கு உழைத்தவர்கள். 1957இல் சிலர் வேலைநீக்கம் செய்யப்பட்டதையொட்டி ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தமே நடந்தது. கலைஞர் சங்கத்தின் தலைவராயிருந்த ரம்லியும் தொழிலாளர் பக்கம் நின்றார். திரையிலே ராஜாவாக வந்தவன் வாசலிலே நியாயம் கேட்டு நின்றான் என்பது தோட்டத் தொழிலாளருக்குப் புரியாத செய்தி அன்று.

1964இல் ரம்லி கோலாலம்பூரின் உலு கிள்ளானிலிருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். 1973 மே 29இல், 44ஆம் வயதில் மறைந்தார். செத்தாபாக்கில் அவர் குடியிருந்த வீடு 1986 முதல் நினைவகமாகப் போற்றப்படுகிறது. ஸ்டூடியோ நிலம் 1981இல் தோன்றிய தேசியத் திரைப்படக் கழகமான பினாசின் கைக்கு வந்தது. உலு கிள்ளானுக்குச் செல்லும் நம்மவரோ பெரும்பாலும் பக்கத்திலுள்ள மிருகக்காட்சிச் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். மக்களின் அன்பைப் பெற்ற ஒருவரின் வீட்டைக் காக்க வேண்டும் என்று பிற்காலத்தார் நினைத்தனர். ஆகவே அது நின்றது. இடங்கள் தாமாக நிலைப்பதில்லை. எவரேனும் நினைத்தால்தான் நிலைக்கும்.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், 1946இல் நிறுவப்பட்ட மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களைச் சர்க்கார் வேன்கள் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டின. சர்க்காரின் பிரசாரம் அது. ஆயினும் ஜனங்கள் பாயை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்தனர். பிறகு, தமிழ்ப் படங்கள் வெள்ளைத் துணியிலே ஓடின. துணிக்கு முன்னே இடம் கிடைக்காதவர் பின்னே அமர்ந்து, எழுத்துகள் இடம்வலமாய்த் திரும்பியிருக்கவும் படத்தை ரசித்தனர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அத்திடல்கள் இன்று எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்பும் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் வந்தபோது, லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறின. ஸ்டூடியோவில் மரத்தாலும் துணியாலும் கம்பம் ஒன்றைக் கட்டுவார்கள். படம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். அதில் எவரும் குடியிருந்ததில்லை. ஆயினும், அப்பொய்க் கம்பம் இன்றும் படச்சுருளில் வாழ்கிறது. நான்கு தலைமுறை பிறந்து வளர்ந்த மெய்யான லயமோ, பல தோட்டங்களில் ஒரு படமும் எஞ்சாமல் மறைந்துவிட்டது. இதைவிட வெட்கப்படத்தக்கது வேறு உண்டோ?

நம் பகுதி வரலாறற்ற பகுதியும் அன்று. பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டம் பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ளது. அவ்வூர் முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிற்று. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக அது தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். இப்பகுதித் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேஸி' என்னும் நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளரும் அந்நூலில் வருகின்றனர். துரை எழுதினார், அவர் கண்ட உலகம் நூலாக நின்றது. மரம் நட்டவர், குலை வெட்டியவர் எழுதவில்லை. அவர் கண்ட உலகம் அவரோடு மண்ணாயிற்று. எழுத்தறிவு மறுக்கப்பட்ட அந்தத் தலைமுறையை நாம் குறைகூற இயலாது. படித்துவிட்ட இத்தலைமுறைக்கு அச்சாக்கு இல்லை.

கிராணி வேலை பார்க்கும் நம் போன்றோர் நாள்தோறும் செக்ரோலில் பெயர் எழுதுகிறோம். அதே கையால் இன்னும் கொஞ்சம் எழுதலாம். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயங்கள் நின்ற வரிசை, பள்ளிக்கூடம் தொடங்கிய ஆண்டு, படம் காட்டிய திடல், அங்கே உழைத்தோர் வந்த ஊர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறிக்கலாம். கைத்தொலைபேசியைக் கொண்டு நடிகர் நின்ற இடத்தைப் படம் பிடிப்பவர்கள், அதே கருவியில் தம் பாட்டியின் பேச்சையும் பதிவு செய்யலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இளைஞர்கள் பத்துமலைக்கும் செத்தாபாக்குக்கும் தாராளமாகச் செல்லட்டும். சிங்கப்பூருக்குப் போக வாய்ப்புள்ளவர்கள் ஜாலான் அம்பாஸையும் பார்த்து வரட்டும். திரும்பி வருகையில் புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ இறங்கி, தம் பாட்டன் பால் மரம் வெட்டிய இடம் எது என்றும் விசாரிக்கட்டும். அதைக் காட்டத் தெரிந்த முதியவர்கள் இன்று சிலரே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.